வந்தவன் கதையும் இருந்தவன் கதையும்

தொடர்கதைக்கு அடியில் 'முற்றும்' என்று போட்டுவிட்டால் உங்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது, இல்லையா? "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்காத வாசகர் உண்டா? இந்த வியாதி நமக்கு மட்டுமல்ல, சீமையிலும் உண்டு.

எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1897-ல் ஒரு மாதப் பத்திரிகையில் 'உலகங்களின் யுத்தம்' என்ற தொடர்கதையைப் படங்களுடன் எழுதினார். செவ்வாய்க் கிரகத்திலிருந்து சில பேர்வழிகள் வந்து இறங்குகிறார்கள். மூன்று கால் இயந்திரங்களில் ஏறிக்கொண்டு ஊர் ஊராய்ப் பொசுக்குகிறார்கள். பீரங்கிக்கும் அசையாத அந்தச் சூரர்களைக் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கொன்று போடுகின்றன. முற்றும்!

சென்ற மாதம் அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போயிருந்தேன். டீக்கடையில் ஒரு பள்ளிக்கூடச் சிறுமி என் கையிலிருந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டுக் கதை கேட்டாள். சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய தாத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார்.

"ஏங்க, இது வந்தவன் சொன்ன கதையா, இருந்தவன் சொன்ன கதையா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் புத்தகத்தின் உயிர்நாடியே அதுதான்! டாஸ்மேனியா தீவுக்கு வெள்ளைக்காரர்கள் போய் இறங்கியபோது அங்கிருந்த ஆதிக்குடிகள் பட்ட பாட்டைப் பற்றி வெல்ஸின் அண்ணன் ஃபிராங்க் ஏதோ சொல்ல, அந்தப் பேச்சிலிருந்து முளைத்த கதை இது. 'அதேபோல் நம்மீதும் யாராவது வந்து இறங்கினால்?' என்று தம் ஜனங்களைப் பார்த்துக் கேட்டார் வெல்ஸ். ஆகவே, இருந்தவன் சொன்ன கதை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் கதையைத் தங்கள் ஊருக்கே இழுத்துக்கொண்டன. நியூயார்க் பத்திரிகையில் செவ்வாய்க்காரர்கள் நியூயார்க்கைத் தாக்கினார்கள். பாஸ்டன் பத்திரிகையில் பாஸ்டனை! வெல்ஸ் ஆட்சேபித்தும் பயனில்லை. அதோடு விட்டார்களா? 1898-லேயே காரெட் சர்விஸ் என்பவர் ஒரு தொடர்ச்சியும் எழுதிவிட்டார். அதில் சாக்ஷாத் எடிசனே ஆயுதம் செய்துகொண்டு செவ்வாய்க்குப் படையெடுக்கிறார். அங்கிருந்தவர்களை வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டு வெற்றியோடு திரும்புகிறார்கள். அடிபட்டவனின் கதை ஒரே வருஷத்தில் அடித்தவனின் கதையாகிவிட்டது, பார்த்தீர்களா?

1938-ல் ஆர்ஸன் வெல்ஸ் (இவர் வேறு வெல்ஸ்) இதை ரேடியோ நாடகமாக்கினார். நிஜச் செய்தி என்று நம்பிப் பயந்தவர்கள் உண்டு. 1949-ல் ஈக்வடார் நாட்டுக் கீட்டோ நகரிலும் அப்படியே ஒலிபரப்பினார்கள். கதைதான் என்று தெரிந்ததும், பயந்த ஜனங்கள் ஆத்திரம் கொண்டு ரேடியோ நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தார்கள். சிலர் உயிரையும் இழந்தார்கள். 1953-லும் 2005-லும் சினிமா வந்தது. 2017-ல் ஸ்டீஃபன் பாக்ஸ்டர் செவ்வாய்க்காரர்களை மறுபடியும் பூமிக்கு வரவழைத்து ஒரு பெரிய நாவல் எழுதினார்.

இதையெல்லாம் சொன்னபோது தாத்தா மலைக்குக் கீழே கையைக் காட்டினார். "அடிவாரத்துல வாச்சாத்தி இருக்குதுங்களே, தெரியுமா?"

தெரியும். 1992 ஜூன் 20-ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஜனங்களை அடித்தார்கள், 18 பெண்கள் பலாத்காரத்துக்கு ஆளானார்கள். கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போனோம் என்பது வந்தவர்கள் சொன்ன கதை. இருந்தவர்கள் தங்கள் கதையைக் கோர்ட்டில் சொன்னார்கள், சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்து போனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011-ல் தர்மபுரி கோர்ட் தீர்ப்பளித்தது. 2023-ல் சென்னை ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஒரு கதையை மாற்றிச் சொல்ல அந்த ஏழை ஜனங்களுக்கு எத்தனை வருஷம் பிடித்தது, பாருங்கள்!

ஆகையால் நேயர்களே, ஒரு கதைக்குத் தொடர்ச்சி எழுத உட்காரும்போது, எந்தப் பக்கத்தில் நின்று எழுதுகிறோம் என்று ஒரு கணம் யோசியுங்கள். சர்விஸ் அதை யோசிக்கவில்லை.

புறப்படும்போது அந்தச் சிறுமி கேட்டாள்: "செவ்வாய்க்காரங்க சித்தேரிக்கு வந்த மாதிரி நான் எழுதலாமா, மாமா?"

"கேஸு கீஸு வந்துடப் போவுது! நம்ம சனங்க கோர்ட்டுக்கு நடந்தது போதும்" என்றார் தாத்தா.

"வராது, ஐயா. வெல்ஸ் 1946-ல் காலமானார். நம் நாட்டுச் சட்டப்படி 60 வருஷம் கழிந்து, 2007 முதல் அந்தக் கதை எல்லோருக்கும் பொது" என்றேன்.

"அப்போ எழுது, தாயீ" என்றார் தாத்தா.