பிய்த்தால் பெருகும்!

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கிறீர்களா? வில்லன் பெயர் ஐப்டேசியா. கல்லோடு ஒட்டிக்கொண்டு ஓசியில் வந்துவிடும். பழுப்பு உடம்பு, குட்டிப் பனைமரம் மாதிரித் தலை. தொட்டால், மேனேஜரைக் கண்ட குமாஸ்தா போல சடக்கென்று பொந்துக்குள் போய்விடும். பக்கத்துப் பவளத்தைக் கொட்டியே கொல்லும்.

பிய்த்தீர்களோ, தொலைந்தீர்கள்! மிஞ்சிய அடித் துணுக்குகள் தனித்தனியாக வளரும். கெட்டியான சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் அதன் வாயிலேயே விடுங்கள். இல்லையா, பெர்கியா என்கிற ஓடில்லாத கடல் நத்தையை விடுங்கள். அதற்கு இதுதான் சாப்பாடு. தீர்ந்தால் பாவம், பட்டினி.

கல்லை மட்டும் வெந்நீரில் கொதிக்க வைக்காதீர்கள், ஸார். ஸோயாந்திட் ஒட்டியிருந்தால் பாலிடாக்ஸின் என்ற விஷம் ஆவியோடு வரும். 2018-ல் இங்கிலாந்தில் தொட்டியைச் சுத்தம் செய்யப்போய், இதே விஷத்தால் ஒரு குடும்பமே ஆஸ்பத்திரிக்குப் போனது. பூச்சி போகணும், நாம இருக்கணும்!