பழகியவருக்கே குழல் சொந்தம்

ஓர் இசைக்கருவி யாருக்குச் சொந்தம்? அதை உருவாக்கிய இனத்தாருக்கே என்பது பலரின் எண்ணம். அதை முறையாகப் பழகியவருக்கே என்பது என் கருத்து. இதற்கான சான்று நம் நாட்டிலேயே உள்ளது.

ஸ்ரீ தஸ்மேஷ் இசைக்குழு 1986ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. தலைப்பாகை அணிந்த சீக்கிய இளைஞர்கள் அதில் வாசிப்பது ஸ்காட்லாந்தின் பேக்பைப் கருவியாகும். பிரிட்டிஷ் இராணுவத்தின் வழியாகச் சீக்கியப் படைகளுக்கு அறிமுகமான கருவி அது. 2019ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற உலகப் போட்டியில் இக்குழு தன் பிரிவில் முதலிடம் பெற்றது. அந்நியக் கருவி என்று ஒதுங்கியிருந்தால் இவ்வெற்றி கிட்டியிருக்குமா?

பேக்பைப் வாசிப்பது எளிதன்று. வாயால் ஊதிப் பையில் காற்றை நிரப்ப வேண்டும். கையிடுக்கில் உள்ள அப்பையைச் சீராக அழுத்த வேண்டும். விரல்கள் ஒரு குழலில் இசையை எழுப்ப, தோளில் சாய்ந்திருக்கும் மூன்று குழல்கள் இடைவிடாமல் சுருதி கூட்டும். அணிவகுப்பில் இவற்றோடு நடக்கவும் வேண்டும். பல ஆண்டுப் பயிற்சியின்றி இது கைகூடாது.

இவ்வேளையில் நம் நாதஸ்வரத்தை எண்ணிப் பார்ப்போம். நாதஸ்வரத்துக்குச் சீவாளி இருப்பதுபோல் பேக்பைப்பின் இசைக்குழலுக்கும் இரட்டை நாணல் நாக்கு உண்டு. அதற்குச் சுருதிக் குழல்கள் என்றால் இதற்கு ஒத்து. இரண்டின் ஒலியும் திறந்தவெளியில் தொலைதூரம் கேட்கும். ஆனால், நம் கோயில்கள் பலவற்றில் நாதஸ்வரம் வாசிக்க இன்றும் இந்தியாவிலிருந்தே கலைஞர்கள் வரவழைக்கப்படுகின்றனர். அவர்களின் கலை போற்றத்தக்கது. எனினும், ஒப்பந்தம் முடிந்து அவர்கள் ஊர் திரும்பும்போது கலையும் உடன் சென்றுவிடுகிறது.

"நாதஸ்வரம் பரம்பரைக் கலைஞர்களுக்கே வசப்படும்," எனச் சிலர் கூறுவர். கிளாஸ்கோவில் வென்ற இளைஞர்கள் ஸ்காட்லாந்துப் பரம்பரையினரா? "பயிற்சியால் படிப்புக் கெடும்," என்பாரும் உளர். நாள்தோறும் கைப்பேசியில் கழியும் நேரத்தில் ஒரு பகுதியே பயிற்சிக்குப் போதும்.

வெளிநாட்டுக் கலைஞர்கள் இங்கிருக்கும் காலத்திலேயே அவர்களைக் கொண்டு கோயில்கள் வார இறுதி வகுப்புகளை நடத்தலாம். பள்ளிகள் நாதஸ்வரத்தையும் தவிலையும் புறப்பாட நடவடிக்கையில் சேர்க்கலாம். பெற்றோர் ஊக்கமளிக்கலாம். கடல் கடந்து வந்த குழலைச் சீக்கிய இளைஞர்கள் தமதாக்கிக் கொண்டனர். நம் வீட்டுத் திருமணங்களில் ஒலிக்கும் குழலை நாம் கையில் எடுக்கத் தயங்குவது ஏன்?