வளர்த்தவன் பங்கு

குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் என் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் பஸ்ஸர்பீட்டர் என்னும் இணைய விளையாட்டைக் காட்டினார். கூடைப்பந்துக் குழு ஒன்றை நிர்வகிக்கும் ஆட்டம் அது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, வாரந்தோறும் பயிற்சி தந்து, திறன் ஏறியதும் ஏலத்தில் விற்கலாம். இளையவன் விரைவாகக் கற்பான். வயது ஏற ஏறப் பயிற்சியின் பயன் குறையும். காலம் பார்த்து விற்பவரே கெட்டிக்காரர். “நல்ல லாபம் சார்” என்றார் மாணவர்.

மனிதனைச் சரக்காகப் பார்க்கக் கற்பிக்கும் ஆட்டம் என்று இதைக் கண்டிக்க நம்மவர் சிலர் ஆயத்தமாக இருப்பார்கள். நான் அந்தக் கட்சியில் இல்லை. திரையில் இருப்பவை எண்கள். எண்களுக்குப் பசி இல்லை. போதாதற்கு, அந்த ஆட்டத்தில் பயிற்சி தந்தவருக்கே பலன் போய்ச் சேர்கிறது. நம் மண்ணில் அந்த நேர்மைகூட இல்லை என்பதே என் வழக்கு.

எங்கள் பக்கத்துக் கபடிக் களங்களைப் பாருங்கள். பகலெல்லாம் தறியில் உட்கார்ந்தவர் மாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பையன்களுக்குப் பிடியும் பாடலும் கற்றுத்தருகிறார். முட்டைக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் அவர் பையிலிருந்தே பணம் போகிறது. 2014இல் புரோ கபடி லீக் வந்தது. 2022 ஏலத்தில் பவன் செராவத்தைத் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அது வீரரின் ஊதியம். அவர் பெற்றதில் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் இத்தனை கோடிகள் புழங்கும் தொழிலின் கணக்கில், வீரர்களை முதலில் களமிறக்கிய ஊர்க்குழுக்களுக்கு ஒரு வரி உண்டா என்பதே கேள்வி.

“அவர்கள் பணத்துக்காகவா செய்கிறார்கள்? அது சேவை அல்லவா?” என்பர். பிறர் உழைப்பை இலவசமாக எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்குச் சேவை என்ற சொல் மிகவும் பிடிக்கும். கால்பந்தில் அப்படி விட்டுவிடவில்லை. ஒப்பந்தம் முடியுமுன் ஒரு வீரர் விலைபேசப்பட்டு வேறு சங்கத்துக்கு மாறினால், அத்தொகையில் 5 விழுக்காடு, 12 வயது முதல் 23 வயது வரை அவருக்குப் பயிற்சி தந்த சங்கங்களுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும் என்பது ஃபிஃபா விதி. ஏல முறைக்கு ஏற்ப அதை மாற்றியமைப்பது பெரிய வித்தை அன்று.

வளர்த்தவர் நிலை இது. வளர்ந்தவர் நிலைக்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. 1995இல் கல்லூரிக் கூடைப்பந்தில் வாகை சூடிய எட் ஓபேனன், பின்னாளில் ஒரு கணினி விளையாட்டில் தம் உருவத்தைக் கண்டார். பெயர் இல்லை, ஆடுபவர் அவரே. அவருக்குக் காசு வரவில்லை. 2009இல் வழக்குத் தொடுத்தார். கல்லூரி விளையாட்டு அமைப்பின் விதிகள் போட்டிச் சட்டத்துக்கு முரணானவை என 2014இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவ வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பொருளீட்ட 2021இல்தான் வழி திறந்தது.

அமெரிக்கக் கல்லூரிகளைப் பழித்துவிட்டு நான் தப்பிக்க இயலாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேரும் பையனிடம் நம் கல்லூரிகள் கோப்பையை வாங்கிக்கொள்கின்றன, பாடத்தைக் கொடுப்பதில்லை. வகுப்புக்கு வராத வீரனுக்கு வருகை போட்டவர்களில் நானும் ஒருவன். அன்று அதைச் சலுகை என்று நினைத்தேன். முழங்கால் போனபின் கையில் பட்டமும் மனத்தில் ஒரு பாடமும் இல்லாமல் நிற்பவனைப் பார்த்தபோதுதான், நான் கொடுத்தது சலுகை அன்று, அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது என விளங்கிற்று.

ஆகவே நான் கேட்பவை இரண்டு. ஏலப் பணம் புழங்கும் ஒவ்வொரு லீக்கும் வீரரின் முதல் களத்தைப் பதிவு செய்து, வீரரின் ஊதியத்தில் கைவைக்காமல், தன் வருவாயிலிருந்து அதற்குப் பங்கு தரட்டும். ஆட்ட நாள்களில் வகுப்பை இழக்கும் மாணவனுக்குக் கல்லூரி அந்தப் பாடத்தை மாலையில் நடத்தட்டும். இவற்றைச் செய்ய மனமில்லையெனில், கிராமத்துத் திறமையைப் போற்றுகிறோம் என்று ஆண்டு விழா மேடைகளில் பேசுவதையாவது நிறுத்திக்கொள்வோம்.