காலித் துறையில் எவர் நங்கூரம்?

இலங்கையின் தென்கரையிலுள்ள காலிக் கோட்டைக்குச் செல்வோர்க்குக் கடலடியினின்று தூக்கியெடுத்த இரும்பு நங்கூரங்களைக் காட்டி, ‘இவை எம் கடல்மரபுச் செல்வம்’ என்கின்றனர். காட்டட்டும், பழம்பொருளைப் பேணுதல் நன்றே. ஆயின் அது எவர் மரபு? எவர் செல்வம்?

அங்கே பெரிதும் போற்றப்படுவது ‘ஆவொன்சுதர்’ என்னும் ஒல்லாந்தக் கும்பணிக் கப்பலின் கதை. ‘அந்திமீன்’ என்பது அப்பெயரின் பொருள். அக்கப்பலும் ஆங்கிலரிடமிருந்து பறித்ததே! 1658இல் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றிய அதே கும்பணி, மறு ஆண்டே அதிற் பாக்கேற்றித் தென்னிந்தியக் கரைக்கு விடுக்க முனைந்தது. 1659 சூலையில் நங்கூரம் பற்றுவிட்டு நழுவக் கப்பல் கரை தட்டி உடைந்தது. கப்பலைக் காக்கத் தவறிய நங்கூரம் இன்று ஒரு துறைமுகத்தின் புகழைக் காக்க நிறுத்தப்பட்டிருக்கிறது!

பாக்கு வாணிகம் ஒல்லாந்தர் கண்டுபிடித்ததா? அவர்தம் கப்பல் காலியில் மூழ்குவதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே, அத்துறையில் தமிழ் கல்லேறி நின்றது. சீனக் கடற்படைத் தலைவன் செங் கே கொணர்ந்து நிறுத்திய அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டு நாளிட்டது. அதில் சீனத்தில் புத்தரையும், பாரசீகத்தில் அல்லாவையும், தமிழில் தெனவரை நாயனாராகிய திருமாலையும் போற்றிக் காணிக்கைகளைப் பட்டியலிட்டிருக்கின்றனர். சீனப் பேரரசன் தன் மொழிக்குப் பக்கத்தில் தமிழை வைத்தது தமிழன்மேற் கொண்ட காதலாலா? அன்று. அக்கடலில் எம்மொழி செல்லுமென்று அவன் கப்பலோட்டிகள் அறிந்திருந்தனர், அவ்வளவே. அதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்?

அக்கல்லுக்கு நேர்ந்ததென்ன? 1911இல் ஒரு பொறிஞர் கண்ணிற் படும்வரை, அது காலித் தெருவொன்றின் மதகுக்கு மூடுகல்லாய்க் கிடந்தது! இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பாடிய தெனவரைக் கோயிலையோ போர்த்துகீசியர் 1588இலேயே இடித்துத் தரைமட்டமாக்கினர்.

காலித் துறையின் அடியில் இரும்பு மட்டுமா கிடைத்தது? கல் நங்கூரங்களும் கிடைத்தன. நீண்ட கல்லின் தலைப்பில் கயிற்றுக்கு வட்டத்துளை. அடிப்பகுதியில் மரக்கொம்புகள் செருக ஒன்றற்கொன்று குறுக்காக இரு சதுரத்துளைகள். இவ்வமைப்பை ஆய்வாளர் ‘இந்திய–அரபு வகை’ என்பர். வாய்ச்சொல்லில் அது ‘அரபு நங்கூரம்’ என்று குறுகிவிடுகிறது. முன்பாதி எங்கே போயிற்று? ஒரு கல்லைக் கண்டவுடன் ‘இது தமிழனுடையது’ என்று கூவுவதும் ஆய்வன்று. அதனை அறவே பிறர்க்கு எழுதிக்கொடுப்பதும் ஆய்வன்று. (நங்கூரம் என்னும் சொல்லே பாரசீக ‘லங்கர்’ என்பாரும் உளர். அவ்வழக்கு ஒருபுறம் இருக்க, கல்லைக் கயிற்றிற் கட்டிக் கடலில் இறக்கத் தமிழ்ப் பரதவர்க்குப் பாரசீகர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.)

ஒல்லாந்தர் இரும்பை அகற்றுக என்று எவரும் கேட்கவில்லை. அதன் அருகே, அவர்கட்கு முன்னர் அத்துறையில் வழங்கிய மொழிகள் எவையென்று எழுதுக என்பதே கேள்வி. மும்மொழிக் கல்லுக்கு எத்தனைப் படிகள் எடுத்து எங்கு வைப்பினும், அதன் தமிழ்ப்பகுதி முழுதும் பெயர்த்து விளக்கப்பெறல் வேண்டும். ‘சீனக் கல்வெட்டு’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடல் ஆகாது.

பிறரை மட்டும் குறை கூறுவானேன்? காலிக்குச் சென்று கும்பணி நங்கூரத்தின்மேற் கைவைத்துப் படமெடுத்துத் திரும்பும் தமிழருள் எத்தனைபேர், வழியிலேயே உள்ள கொழும்பில் இறங்கி அக்கல்லின் தமிழ்வரிகளை ஒருமுறை படித்துப் பார்த்தனர்?