தாம்பரத்துக்காரனுக்குப் படகு எதற்கு?

சென்ற கோடையில் மகள் வீட்டில், சவுத்தாம்ப்டனில், மூன்று மாதம் இருந்தோம். பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டால் மாலை வரை எனக்கு வேலை கிடையாது. பஸ் பிடித்து ஹாம்பிள் ஆற்றங்கரைக்குப் போய்விடுவேன்.

ஒரு நாள் கடல் நீர் வடிந்திருந்த நேரம். சேற்றில் ஒரு சின்னப் பாய்மரப் படகு, முட்டுக்கொடுக்காமலே, நேராக நின்றுகொண்டிருந்தது. 'விற்பனைக்கு' என்று அட்டை கட்டியிருந்தார்கள். நான் உற்றுப் பார்ப்பதைக் கவனித்த உரிமையாளர், மேலே ஏறிப் பார்க்கச் சொன்னார். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

வெஸ்டர்லி சென்டார் என்ற ரகம். 26 அடி நீளம். 1969 முதல் 1980 வரை இந்த ரகத்தில் 2,400-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். பாய்மரப் படகின் அடியில் கனமான கீல் ஒன்று இருக்கும். காற்றில் படகு கவிழாமல் காப்பது அதுதான். இந்தப் படகுக்கு அது இரண்டு. அதனால்தான் தண்ணீர் வடிந்தாலும் இரண்டு காலில் நிற்கிறது. உள்ளே நாலைந்து பேர் படுக்கலாம், ஒரு குட்டி அடுப்பு, ஒரு கழிப்பறை. என்ஜினைத் திறந்து காட்டினார். ரயில்வேயில் 36 வருஷம் குப்பை கொட்டியவன், சும்மா இருப்பேனா? பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளில் துரு இருக்கிறதா, ஃபைபருக்குள் நீர் ஊறி அடியில் கொப்புளம் கட்டியிருக்கிறதா என்று பழைய படகில் பார்க்க வேண்டியதை எல்லாம் அவரே சொல்லித் தந்தார்.

விலையைக் கேட்டேன். ரூபாயாக்கிப் பார்த்தால் எங்கள் தெருவில் நிற்கும் எந்தப் புதுக் காரையும் விடக் குறைவு. "படகு மலிவுதான், அதை நிறுத்தி வைக்கிற இடத்துக்குத்தான் வருஷா வருஷம் பணம் போகும். சேற்றில் நிற்கிற படகு என்பதால் எனக்கு அதுவும் கொஞ்சம் குறைவு" என்றார். இந்த வார்த்தையை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

படத்தை எடுத்து நம்ம ஊர் ரிட்டயர்டு நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். 'வாங்கிடலாமா?' என்று விளையாட்டாகக் கேட்டிருந்தேன். பதினைந்து நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. ஒருவர், 'அதெல்லாம் பணக்காரன் விளையாட்டு.' இன்னொருவர், 'நம்ம கடல் அதுக்கெல்லாம் சரிப்படாது சார்.' மூன்றாமவர், 'மீன் பிடிக்கிறவன் வேலை நமக்கெதுக்கு?' கீழே பன்னிரண்டு சிரிப்புப் பொம்மைகள்.

இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

முதல் வாதம், பணம். காரை விட மலிவான பொருள் எப்படிப் பணக்காரன் விளையாட்டு ஆகும்? இங்கே அப்படி ஆகியிருப்பதற்குக் காரணம் படகு அல்ல, இடம். சென்னையில் பாய்மரப் படகு விடுவதற்கு 1911-லேயே சங்கம் வைத்தார்கள். துறைமுகத் தலைவராக இருந்த சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இருக்கிறது. நல்ல வீரர்கள் உருவாகியிருக்கிறார்கள். ஆனால் அது துறைமுக வளாகத்துக்குள். நானும் நீங்களும் ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு நினைத்தபோது போய் நிற்கிற இடமல்ல. காருக்கு ரோடு யார் போட்டார்கள்? அரசாங்கம். படகைத் தண்ணீரில் இறக்க ஒரு சரிவுத் தளமும் கட்டிவைக்க ஒரு துறையும் பொதுவில் இருந்தால், படகும் ஸ்கூட்டர் மாதிரி சாதாரணப் பொருள்தான்.

இரண்டாம் வாதம், கடல். இதில் பாதி உண்மை, ஒப்புக்கொள்கிறேன். நம்முடையது திறந்த கரை. கட்டிக்கொண்டிருந்த துறைமுகத்தையே 1881 புயல் உடைத்துப் போட்டது. ஐப்பசி, கார்த்திகையில் எவனும் கடலோடு விளையாடக் கூடாது. முகத்துவாரங்களை மணல் மூடுகிறது. ஏற்ற இறக்கமும் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், ஹாம்பிளைப் போல் அல்ல. எல்லாம் சரி. ஆனால் இதே கடலில் கட்டைகளைக் கயிற்றால் கட்டி அலையைத் தாண்டிப் போனவர்கள் நம் கரைக்காரர்கள். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயரை எழுதிவைத்துப் போனார். இன்று உலகத்தில் இரட்டை உடல் கொண்ட எந்தப் படகுக்கும் 'கேட்டமரான்' என்றுதான் பெயர். அந்தப் படகு வேறு, நம் கட்டுமரம் வேறு; ஆனால் சொல் நம்முடையது. வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் காற்றுக்கு வைத்த பாஷையைப் பேசிக்கொண்டு, 'கடல் நமக்குச் சரிப்படாது' என்கிறோம்.

கடலே வேண்டாம் என்றாலும் உள்நீர் இல்லையா? முட்டுக்காடு இருக்கிறது, பழவேற்காடு இருக்கிறது. 1806-ல் வெட்டத் தொடங்கி, 1877-78 பஞ்சத்தில் நகரத்துக்குள் இணைத்த பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. 'இருந்தது' என்று சொல்ல வேண்டும். என் பாட்டி கல்யாணமான புதிதில் ராத்திரி படகேறி, காலையில் மாமல்லபுரத்தில் இறங்கியதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். விறகும் உப்பும் சிப்பியும் வந்த அந்தக் கால்வாய்க்குள்தான் பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டோம். நானும் ரயில்வேக்காரன், அன்றைக்கு அதை ஒரு முன்னேற்றம் என்றே பேசினேன்.

நம் பிள்ளைகளுக்கு வராது என்பதும் பொய். சென்னைப் பெண் நேத்ரா குமணன், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பாய்மரப் படகில் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கேரளத்துத் தில்னாவும் கடற்படையின் தாரிணி படகில், இரண்டே பேராக, 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள். நம் பக்கத்து அபார்ட்மெண்டுகளில் எத்தனை குழந்தைகளுக்கு நீச்சல் தெரியும்? எண்ணிப் பாருங்கள்.

ஆக, பணமும் இல்லை, கடலும் இல்லை. உண்மையான காரணம் அந்த மூன்றாமவர் சொன்னதுதான். அவர் ஒருவர்தான் பொய் சொல்லவில்லை.

2015 டிசம்பர் 2. அடையாறு பொங்கி எங்கள் முடிச்சூர்ப் பக்கம் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மாடியில் நின்றிருந்தோம். என் அம்மாவுக்கு அப்போது 84 வயது. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த ஃபைபர் போட்டில், கோவளம் பக்கத்து மீனவர்கள் தெருவுக்குள் வந்தார்கள். ஒருவர் அம்மாவைக் குழந்தை மாதிரி தூக்கிப் படகில் உட்கார வைத்தார். எங்கள் தெருவில் பதினோரு பேர் அந்தப் படகில் வந்தோம். காசு நீட்டினோம், வாங்கவில்லை. போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வருஷம் கழித்து அவரே கூப்பிட்டார். பையனுக்குத் தாம்பரம் பக்கம் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறது, உங்கள் தெருவில் ஒரு சின்ன போர்ஷன் கிடைக்குமா சார் என்று கேட்டார். எதிர் வீட்டு மாடி காலியாக இருந்தது. கேட்டேன். "மீன் சமைப்பாங்க, வாடை தாங்காது. வேண்டாம் சார்" என்றார் வீட்டுக்காரர். அந்தப் பதினோரு பேரில் அவரும் ஒருவர். படகில் உட்கார்ந்திருந்தபோது வராத வாடை.

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. வேறு வீடு தேடவும் இல்லை. 'பார்க்கிறேன் தம்பி' என்று சொன்னவன், திரும்பப் போன் செய்யவே இல்லை.

இதைத்தான் சொல்ல வருகிறேன். தண்ணீரைத் தெரிந்தவனைத் தாழ்வாக நினைக்கிற சமூகம், தண்ணீரையும் தாழ்வாகத்தான் நினைக்கும். நமக்கு ஏரி என்றால் மனை, கால்வாய் என்றால் சாக்கடை, கடல் என்றால் சுண்டல் தின்னும் இடம். மேம்பாலம் கேட்டு மனு கொடுத்தோம். கிளாம்பாக்கத்துக்கு ரயில் நிலையம் கேட்டுக் குரல் கொடுத்தோம். சரிதான், தேவைதான். ஒரு படகுத்துறை வேண்டும் என்று தென்சென்னைப் புறநகரில் எந்தக் குடியிருப்போர் சங்கமாவது கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கேட்காத இடம் எப்படி வரும்?

கண்ணாடி மாளிகையோடு ஒரு மரினா கட்டிக் குப்பங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை. அப்படி வந்தால் நானே எதிர்த்து எழுதுவேன். முட்டுக்காட்டுப் பக்கம், அங்கே தொழில் செய்கிற மீனவர்கள் சம்மதத்தோடு, ஒரு சரிவுத் தளம், ஒரு கொட்டகை, நாலைந்து பழைய படகு. நிர்வாகம் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் கையில். துடுப்பும் பாயும் நீச்சலும் கற்றுத்தருகிறவர்களுக்கு வாத்தியார் என்ற மரியாதையும், அதற்கான சம்பளமும். நடக்காத காரியம் இல்லை. கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் அலைச்சறுக்குப் பள்ளி நடத்துகிறார். நகரத்துப் பிள்ளைகள் காசு கொடுத்து அங்கே கற்றுக்கொள்கிறார்கள்.

ஹாம்பிளில் பார்த்த அந்தப் படகை நான் வாங்கவில்லை. வாங்கினாலும் இங்கே எங்கே கட்டுவேன்? ஆனால் ஊர் திரும்பிய வாரமே, அம்மாவைத் தூக்கி இறக்கியவரின் நம்பரைத் தேடி எடுத்துப் போன் செய்தேன். இத்தனை வருஷம் கழித்து. பெயரைச் சொன்னதும் பதறிப்போய்க் கேட்டார்: "என்ன சார், மறுபடியும் தண்ணி வந்துடுச்சா?"

தண்ணி வரவில்லை, மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அதெல்லாம் விடுங்க சார்" என்றார். பையன் தினமும் கேளம்பாக்கம் வந்து, பஸ் பிடித்து, போய்வந்தே படிப்பை முடித்துவிட்டானாம்.

பொங்கல் லீவில் பேரனை அவரிடம் துடுப்புப் போடக் கற்றுக்கொள்ள அனுப்பப் போகிறேன். கட்டணம் பேசி முடித்தாயிற்று. முதலில் வேண்டாம் என்றவரை நான் விடவில்லை. வண்டலூர் வழியாகப் போனால் ஒரு மணி நேரம். காரில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. அனுப்ப விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள்.