சொல்லவும் உரிமை, சொல்லாதிருக்கவும் உரிமை

கடவுள் உண்டா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல இந்த இயக்கத்தைத் தொடங்கவில்லை. எங்களில் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஐந்து வேளை தொழுகிறவர்களும், ஞாயிறு ஆராதனையை விடாதவர்களும், கறுப்புச் சட்டைக்காரர்களும், இன்னும் எந்த முடிவுக்கும் வராதவர்களும் இருக்கிறார்கள். எங்களைச் சேர்த்து வைத்தது ஒரே கோரிக்கை. தன் நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ ஒருவர் ஊரறியச் சொல்லலாம், மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். எது என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். சொன்னதற்காக யாரும் அடிபடக் கூடாது. சொல்லாததற்காக யாரையும் துருவக் கூடாது.

துருவுவது நம் ஊரில் எவ்வளவு சாதாரணமாக நடக்கிறது! சென்னையில் வாடகை வீடு தேடிப் போனால், அட்வான்ஸ் பற்றிப் பேச்சு வருமுன்பே வீட்டுக்காரர் பெயரைக் கேட்கிறார். அதில் விஷயம் பிடிபடாவிட்டால் அப்பா பெயர். அதிலும் தெரியாவிட்டால், "தப்பா நினைக்காதீங்க தம்பி, நீங்க என்ன ஆளுங்க?" பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் மதம் கேட்கிறார்கள், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கப் போனாலும் அங்கே ஒரு கட்டம் காத்திருக்கிறது. ஆயுத பூஜையன்று கற்பூரத் தட்டு மேசை மேசையாக வரும்போது கையை நீட்டாத ஊழியரை அலுவலகமே திரும்பிப் பார்க்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்களாகப் பதிவானவர்கள் ஏறத்தாழ 29 லட்சம் பேர். எழுத நினைத்ததை எழுத முடியாமல் அப்பா சொன்னதை எழுதவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

மறைத்து வாழ்வது இன்று நேற்று வந்ததல்ல. சிவகாசியில் நாடார் குடும்பத்துப் பெண்கள் பலர் ஞானஸ்நானம் பெறாமல், வீட்டாருக்கு வெளிப்படையாகச் சொல்லாமல், தலைமுறை தலைமுறையாக இயேசுவை வணங்கி வந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. திரும்பிப் போகப் பிறந்த வீடும் இல்லாத பெண்ணிடம் "தைரியமாகச் சொல்லேன்" என்று உபதேசிப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. சொன்ன பிறகு என்ன ஆகும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சிலரை மறைக்க வைப்பது வீடு. சிலரை மறைக்க வைப்பது அரசாங்கமே. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டுமே தந்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் போன தலித்துகள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்கிறது ஆணை. போய்விட்டதா என்பதைத் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் சாதி வாரியாகப் பிரித்து நின்ற சுவரிடம் கேட்க வேண்டும். ஆகவே வீட்டில் மேரி, சர்டிபிகேட்டில் மாரியம்மாள். வேலைக்குப் போகும் மகள் ஜெபக் கூட்டத்துக்கு வந்தால் போட்டோ எடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதிச் சான்றிதழை மறுத்தது; அவருடைய ஞானஸ்நானமும் தேவாலயத்துக்குப் போகும் வழக்கமுமே அவருக்கு எதிரான சாட்சியமாயின. ஒருவர் பிரார்த்தனை செய்வதை அவருக்கு எதிராகவே எழுதி வைக்கும் ஏற்பாடு எங்களுக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. 1950 ஆணையில் இந்த மத வரம்பை விதிக்கும் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் தலித் கிறிஸ்தவர்களுக்காகத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தப் பத்தியை நீக்குவதுதான் அரசிடம் நாங்கள் வைக்கும் முதல் கோரிக்கை. இடஒதுக்கீட்டில் ஓர் இடத்தைக்கூட நாங்கள் குறைக்கச் சொல்லவில்லை. அதைப் பெற யாரும் சாமியை ஒளித்து வைக்கும்படி ஆகக் கூடாது என்கிறோம்.

வெளிப்படையாகச் சொன்னவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் இந்தப் பிரகடனத்தில் இருக்க வேண்டும். தன் நாத்திகத்தை மறைக்காமல் எழுதியும் பேசியும் வந்த திராவிடர் விடுதலைக் கழகத் தோழர் பாரூக், 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2013-இல் புனேயில் தபோல்கர், 2015-இல் கோலாப்பூரில் பன்சாரே, அதே ஆண்டு தார்வாடில் கல்புர்கி என, மூடநம்பிக்கைகளை வெளிப்படையாக எதிர்த்த மூவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் ஒரே மதத்தின் பெயரைச் சொல்லவில்லை. எனவே இந்தக் கொலைகளைக் காட்டி எந்தச் சமூகத்தின் மேலும் பழிபோட எங்களைப் பயன்படுத்த முடியாது. பெரியார் பிறந்த மண்ணில் நாத்திகம் பேசுவது எளிது என்கிறார்கள். மேடை ஏறிய ஆண்களுக்கு அது ஓரளவு உண்மை. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த இளைஞனுக்கும், மாமியார் வீட்டில் விளக்கேற்ற மறுக்கும் மருமகளுக்கும் அதே மண் அவ்வளவு எளிதாக இல்லை.

இனி எங்களுக்குள்ளேயே இருக்கும் குறையையும் பேசுகிறோம். பகுத்தறிவாளர் வீடுகளிலும் மறைத்து வாழ்கிறவர்கள் உண்டு. கணவர் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து முருகன் படத்தை அலமாரியிலிருந்து எடுத்துக் கும்பிட்டுவிட்டு, சேலைகளுக்கு அடியில் திரும்ப வைக்கும் மனைவிமார்களை நாங்கள் அறிவோம். கட்சித் தொண்டர் ஒருவர் மனைவியோடு பழனிக்குப் போனால் அவரைப் படம் பிடித்துப் பரப்பிச் சிரிக்கிறார்கள். இந்த வழக்கத்தை இயக்கம் முழுமூச்சாக எதிர்க்கும். பக்தியைக் காட்டி ஓட்டுக் கேட்கிறவரையும், நாத்திகத்தைக் காட்டி ஓட்டுக் கேட்கிறவரையும் கேள்வி கேட்கலாம். அவர்கள் தாங்களாகவே அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள். மற்ற யாருடைய நம்பிக்கையும் பிறர் எடுத்துக் காட்டும் பொருளாகக் கூடாது. நண்பர் ஒருவர் தன் நம்பிக்கையின்மையை என்னிடம் சொன்னார் என்றால், அதை அவருடைய அம்மாவிடம் போய்ச் சொல்ல எனக்கு அதிகாரம் வந்துவிடாது.

சாவு வீட்டில் இந்த அத்துமீறல் உச்சத்துக்குப் போகிறது. வாழ்நாள் முழுக்க நெற்றியில் எதுவும் இடாத மனிதர் இறந்துபோகிறார். ஃப்ரீசர் பெட்டி வந்து சேருவதற்குள் பங்காளி ஒருவர் திருநீற்றைக் குழைத்துப் பட்டை பட்டையாகப் பூசுகிறார். நடுவில் ஒரு ரூபாய் நாணயம். மகள் அருகே போய், "அப்பாவுக்கு இதெல்லாம் ஆகாது, சித்தப்பா" என்கிறாள். "போனவருக்கு என்னம்மா தெரியப் போகுது? நாலு பேர் நம்மளைத்தானே கேப்பாங்க" என்று பதில் வருகிறது. எதிர்ப்புறமும் நடக்கிறது. தேவாரம் கேட்டபடி போக ஆசைப்பட்ட அம்மாவை, மகனின் கொள்கைக்காக ஒரு பாட்டும் இல்லாமல் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இரண்டிலும் களவு போவது இறந்தவரின் சொல்.

சட்டம் எங்களுக்குத் துணை நிற்கிறது, பாதியளவு. அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத்தான் முதலில் சொல்கிறது. 2012-இல் இமாச்சல் உயர் நீதிமன்றம், மதம் மாறுகிறவர் 30 நாள் முன்பாக மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதியை ரத்துசெய்து, நம்பிக்கையை ரகசியமாக வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்றது. 2014-இல் மும்பை உயர் நீதிமன்றம் எந்தப் படிவத்திலும் மதத்தைச் சொல்லும்படி அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் அந்தரங்க உரிமைத் தீர்ப்பு, ஒருவர் தேர்ந்துகொண்ட நம்பிக்கையை உலகுக்குச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் அவர் சுதந்திரம் என்பதை ஏற்றது. இவ்வளவுக்குப் பிறகும் உத்தரப் பிரதேசத்தின் 2021 மதமாற்றச் சட்டம் 60 நாள் முன்னறிவிப்புக் கேட்கிறது. மாறியவரின் விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறது. சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் முடிப்பவர்களின் பெயர் 30 நாள் பதிவாளர் அலுவலகத்தில் தொங்குகிறது, தேடி வருகிற உறவினருக்கு வசதியாக.

சுயமரியாதைத் திருமணத்தின் கதை எங்களுக்கு நல்ல வழிகாட்டி. புரோகிதர் இல்லாமல், பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி நடத்துவதே அன்று அதன் பெருமை. 1967-இல் அண்ணா ஆட்சி அதற்குச் சட்ட வடிவம் தந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், இந்தத் திருமணத்துக்குப் பகிரங்க அறிவிப்பு தேவையில்லை என்றது. குடும்பத்துக்குப் பயந்து வாழும் இணையரை ஊரறிய அறிவிக்கச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்து என்று கண்டது. பந்தலும் சரி, பூட்டிய அறையும் சரி, ஒரே உரிமையின் இரண்டு பயன்பாடுகள்.

முதல் ஆண்டு வேலைகளைச் சொல்லிவிடுகிறோம். பள்ளி, ஆஸ்பத்திரி, வங்கி, வாடகை ஒப்பந்தப் படிவங்களைத் திரட்டுவோம். காரணம் சொல்ல முடியாத இடங்களில் மதக் கட்டத்தை எடுக்கச் சொல்லி மனுக் கொடுப்போம். சாதி, மதம் குறிப்பிட விரும்பாதவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க 1973 முதல் அரசாணை இருப்பதை ஒவ்வொரு தலைமையாசிரியருக்கும் எடுத்துச் சொல்வோம். தன் இறுதிச் சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் உயிரோடிருக்கும்போதே எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு வைத்துக்கொள்ள மாவட்டந்தோறும் முகாம் நடத்துவோம். தேவாரம் வேண்டும் என்று எழுதினாலும், உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுங்கள் என்று எழுதினாலும் அது நிறைவேற வீட்டு வாசலில் போய் நிற்போம். வெளியே சொல்லி வீட்டை இழந்தவர்களுக்குத் தங்க இடமும் வழக்கறிஞரும் ஏற்பாடு செய்வோம். சொல்லாமல் இருக்கிறவர்களை எந்தக் காலத்திலும் அவசரப்படுத்தமாட்டோம்.

உறுப்பினர் படிவத்தில் பெயர், ஊர், கைபேசி எண் மட்டும் கேட்டிருக்கிறோம். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்பவர்கள் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் போதும். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் அச்சாகாது, கூட்டங்களில் படிக்கப்படாது. ஏன் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.