விருந்தாளிக்காகக் கேட்ட அப்பம்

"விசுவாசம் பத்தலை."

கிறிஸ்தவ வீடுகளில் சாவு விழுந்த பிறகு, நோய் முற்றிய பிறகு, வேலை போன பிறகு சொல்லப்படும் வாசகம் இது. சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனுசர்தான். ஜெபக்கூட்டத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டு நமக்காக அழுதவராகக்கூட இருப்பார். ஆனாலும் இன்றைய தமிழ்க் கிறிஸ்தவத்தில் இந்த இரண்டு வார்த்தைகளைவிடக் கொடூரமானது எதுவும் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் துக்கத்தோடு பழியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போகிற வார்த்தை அது.

ஆதாரம் கேட்டால் லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தைத் திறப்பார்கள். கடவுளுக்கும் பயப்படாத, மனுசரையும் மதிக்காத ஒரு நீதிபதி. அவன் வாசலுக்கு வந்து வந்து நிற்கும் ஒரு விதவை. தொல்லை தாங்காமல் கடைசியில் அவன் இறங்கி வருகிறான். "பாத்தீங்களா? விடாம கேட்டா கெடைக்கும். கெடைக்கலைன்னா நீங்க பாதியில விட்டுட்டீங்க." இவ்வளவுதான் அவர்கள் வியாக்கியானம்.

சரி, அந்த விதவை என்ன கேட்டாள்? நியாயம் கேட்டாள். தன் எதிராளியிடமிருந்து தனக்கு வரவேண்டிய நியாயம். அவளுக்காகப் பேச அந்தக் கதையில் ஒரு ஆள்கூட வருவதில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் பட்டாவுக்காக மனுவோடு வருசக்கணக்கில் நிற்கிற நம்ம ஊர் அப்பத்தாக்களைப் பார்த்தவர்களுக்கு இவளை உடனே அடையாளம் தெரியும். இவள் வந்து வந்தே என்னை ஒரு வழி பண்ணிவிடுவாள் என்று நீதிபதி பயப்படும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது கண்ணுக்குக் கீழே குத்துவதைக் குறிக்கும் குத்துச்சண்டைச் சொல். லூக்கா காட்டும் விடாமுயற்சி அப்படிப்பட்டது.

அதே லூக்காவில், 11-ஆம் அதிகாரத்தில், இன்னொரு கதை இருக்கிறது. நள்ளிரவில் நண்பன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்கிறான் ஒருவன். இதையும் 'கேட்டால் கிடைக்கும்' கூட்டத்தில் அடிக்கடி சொல்வார்கள். ஆனால் அவன் யாருக்காகக் கேட்கிறான் என்பதை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். அவனுக்குப் பசியில்லை. பயணத்திலிருந்து வந்த விருந்தாளிக்கு வைக்க வீட்டில் ஒன்றுமில்லை, அதனால் வெட்கத்தை விட்டுத் தட்டுகிறான். விருந்தாளி முன்னால் வெறும் இலை போடுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று செட்டிநாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடாமல் கேட்பது பற்றி லூக்கா தரும் கதைகள் இந்த இரண்டும்தான்: ஒன்றில் நியாயம், இன்னொன்றில் அடுத்தவன் பசி. இதிலிருந்து காரும் விசாவும் பிரமோஷனும் எப்படி முளைத்தன?

போகட்டும், நோய் நீங்கக் கேட்கலாம்தானே? கேட்கலாம். நற்செய்தி முழுக்க நோயாளிகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஒரு ஜெபம் கேட்கப்பட்டால் அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகப் போனால் ஓரியூர். மறவர் சீமையின் குறுநிலத் தலைவர் தடியத்தேவர் நோயில் கிடந்தபோது உபதேசியார் ஒருவர் அவருக்காக ஜெபித்தார். தேவர் குணமானார். 1693 ஜனவரி 6 அன்று அருளானந்தர் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி குடும்பத்துப் பெண். புகார் மன்னரிடம் போனது. பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. இடையில் ஒரு மாதம்கூட இல்லை.

கேட்கப்பட்ட ஜெபம் ஒன்று ஒரு துறவியைக் கொலைக்களத்துக்குக் கொண்டுபோனது. விலக்கப்பட்ட பெண்களுக்கும் அதில் ஒரு கண்ணீர்க் கதை இருந்திருக்கும். அதை யாரும் எழுதிவைக்கவில்லை. இதை மேடையில் 'அற்புத சாட்சி'யாகச் சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் ஓரியூரின் செம்மண்ணை இன்றும் வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள் ஜனங்கள். அருளானந்தருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று முறை அதே ஜெபத்தைச் செய்தார். பாத்திரம் நீங்கவில்லை. பவுல் தன் உடலில் தைத்த முள்ளுக்காக மூன்று முறை மன்றாடினார். முள் அப்படியே இருந்தது. இவர்கள் இரண்டு பேரையும் நம்ம ஊர் ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிவந்தால் "இன்னும் ஊக்கமா ஜெபிங்க பிரதர்" என்றுதான் அனுப்பிவைப்பார்கள்.

இது வெறும் வியாக்கியானச் சண்டை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு அத்தை, ஒரு கூட்டத்தில் கை வைத்து ஜெபித்த பிறகு சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். மாத்திரை போட்டால் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தமாம். காலில் புண் வந்து இரண்டு விரல்களை எடுத்தார்கள். பார்க்க வந்தவர்கள் பழங்களோடு அந்த இரண்டு வார்த்தைகளையும் கொண்டுவந்தார்கள். அத்தை அதை நம்பினார். விரல் போனதைவிட அதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுபக்கம் நம் பகுத்தறிவு நண்பர்கள் 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வை எடுத்து நீட்டுவார்கள். பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். முன்பின் தெரியாதவர்களின் ஜெபத்தால் பலன் எதுவும் தெரியவில்லை. தனக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன, தெரியாதவர்களில் 52. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். எனக்கு அந்த ஆய்வோடு சண்டை இல்லை. ஆனால் காசு போட்டால் டீ வருகிற மெஷினாக ஜெபத்தைப் பார்ப்பதில் ஜெபக்கூட்டப் பிரசங்கியாரும் இவர்களும் ஒரே கட்சி. ஒருவர் மெஷின் வேலை செய்யும் என்கிறார், இன்னொருவர் செய்யாது என்கிறார்.

அப்படியானால் இடைவிடாத ஜெபம் எதற்கு? எங்களுடையது வானம் பார்த்த பூமி. கண்மாயைத் தூர்வாரினால் மழை வரும் என்று இங்கே எந்தச் சம்சாரியும் நினைத்ததில்லை. ஆனால் தூர்வாராத கண்மாயில் பெய்த மழையும் தங்காது என்று தெரியும். அதனால் மழை பொய்த்த வருசமும் மண்வெட்டியோடு இறங்குவான். சருகணியில் வாழ்ந்து 1973-இல் மறைந்த பிரெஞ்சுப் பாதிரியார் லெவே சாமியை ஜனங்கள் ஜெபத்துக்காகவும் நினைவு வைத்திருக்கிறார்கள், கண்மாய் வெட்டியதற்காகவும் நினைவு வைத்திருக்கிறார்கள். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே வேலையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அந்த விதவை கதையின் முடிவில் இயேசு ஒரு கேள்வி கேட்கிறார்: மனுமகன் வரும்போது பூமியில் விசுவாசத்தைக் காண்பாரோ? கேட்டது கிடைத்தவர்களை எண்ணிப் பார்க்கிற கேள்வி இல்லை அது. கிடைக்காமலும் நியாயத்தின் வாசலை விட்டு நகராதவள் ஒருத்தியாவது மிச்சமிருப்பாளா என்கிற கவலை.

ஆகவே அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த இரண்டு வார்த்தைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஜெபிக்கத் தெரிந்தால் ஜெபியுங்கள். மாத்திரை போட்டாச்சா என்று கேளுங்கள். கூட இருப்பவர் சாப்பிட்டாரா என்று பாருங்கள்; இல்லையென்றால் கீழே இறங்கிப் போய் நான்கு இட்லி வாங்கி வாருங்கள்.